உணவிலும் முன்னேற்பாடு

பாவு ஓடாமல் தறியில் அமரும் நெசவாளர் எவருமிலர். நூலைப் பதப்படுத்தி, பாவு ஓடி, விழுதிலும் அச்சிலும் கோத்துப் பிணைத்த பின்னரே முதல் நாடா ஓடுகிறது. அவ்வாறே, விதைக்கு வேண்டியதை முந்திய அறுவடையிலேயே ஒதுக்கி வையாத உழவரும் இலர். செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயச் சாகுபடியாளர், அடுத்த நடவுக்குரிய காயைப் பட்டறை கட்டி மாதக்கணக்கில் காத்து வருவதை நாம் காண்கிறோம். கங்கைகொண்ட சோழபுரத்தருகே பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம், மழைக்காலத்து நீரைக் கோடைக்கென்று தேக்கி வைத்த ஏற்பாடே அன்றோ? இன்று பொன்னேரி என வழங்கும் அவ்வேரியின் கரை, முன்யோசனையின் மேன்மையை இன்றும் எடுத்துரைத்து நிற்கிறது.

இவ்வளவு முன்யோசனை உடைய நம் மக்கள், அடுப்பங்கரையை மட்டும் அந்தந்த வேளையின் போக்குக்கு விட்டுவிடுகின்றனர். “இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்பதே பல வீடுகளில் உணவுத் திட்டமாக இருக்கிறது. வேலை குறைந்த நாளில் இது குற்றமாகத் தோன்றுவதில்லை. தீபாவளிக்கு முன் தறி நிற்காமல் ஓடும் நாளிலும், களை முற்றி ஆள் கிடைக்காத நாளிலும், அடைமழையிலும், நோயாளியுடன் பட்டணம் போகும் நாளிலும் இதன் தீமை வெளிப்படுகிறது. பசி வந்த பின்பு செய்யும் முடிவு, கைக்கு எட்டியதை உண்ணும் முடிவாகவே அமையும். ஆகையால், உணவைப் பற்றிய முடிவைப் பசி வருவதற்கு முன்பே, பையில் சிறிது காசும் கையில் சிறிது ஓய்வும் உள்ள வேளையிலேயே செய்துவிட வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறோம்.

காட்டில் விளைவதும் கலத்தில் விழுவதும்

1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2007-ஆம் ஆண்டில் நிலையாகப் பிரிந்தது அரியலூர். பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்திலும் சின்ன வெங்காயத்திலும் மாநிலத்தின் முன்னணியில் நிற்கிறது. பருத்தியும் அங்கு மிகுதி. அரியலூர் மாவட்டத்தில் ஜயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பகுதிகள் முந்திரிக்குப் பேர்போனவை. கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர், தா.பழூர் வட்டாரங்களில் நெல் விளைகிறது. வாரியங்காவல், இலையூர் முதலிய ஊர்களில் தறியோசை கேட்கிறது.

இத்தனை விளைந்தும் இவற்றில் நம் கலத்தில் விழுவது எவ்வளவு? மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித்தீவனத்திற்குப் போகிறது. பருத்தி உண்ணும் பொருளன்று. முந்திரிப் பருப்பு விலைக்குரியது. விளைவிப்போர் வீட்டில் தங்குவது உடைந்த பருப்பே. முன்னாளில் இப்புன்செய் நிலங்களில் விளைந்து, விளைவித்தவர் வீட்டிலேயே உலையேறிய கம்பும் சோளமும் வரகும் கேழ்வரகும் இன்று சுருங்கிவிட்டன. காட்டில் விளைவது சந்தைக்கும், வீட்டில் வேகுவது நியாயவிலைக் கடை அரிசியாகவும் ஆகிவிட்டமையே நம் நிலைமை.

அரிசி பசியை ஆற்றும் என்பதில் ஐயமில்லை. நியாயவிலைக் கடை நம் மாநிலத்தில் பட்டினியைத் தடுத்து நிற்கும் பெரிய அரண் என்பதையும் நாம் மறவோம். எனினும் வயிறு நிறைவது வேறு; உடல் நிறைவது வேறு. 2019–21-இல் எடுக்கப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57.4 பேர். இவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். உண்டும் சத்துக் குறைந்தவர்களே பலர்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிகளைப் புதுக்கி வெளியிட்டது. நம் உணவின் மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு நூற்றுக்கு 45-ஐ மிகாதிருத்தல் நலம் என்பது அதன் அறிவுரை. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்புவகை 85 கிராம், கீரையும் காய்கறியும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லிலிட்டர் என்று அது கணக்கிடுகிறது.

இக்கணக்கை நம் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பெரியவர் நால்வர் உள்ள குடும்பத்திற்கு, நாளொன்றுக்கு 85 கிராம் வீதம் மாதம் ஒன்றுக்குப் பருப்புவகை ஏறத்தாழ 10 கிலோ வேண்டும். நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. எஞ்சிய ஒன்பது கிலோவில் ஒரு பகுதியை முட்டையும் மீனும் இறைச்சியும் ஈடுசெய்யலாம். மற்றது எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டி எண்ணாத வீட்டில், அது வராமலே போகும். அவ்விடத்தை இன்னொரு பிடி சோறு நிரப்பிவிடும்.

தறிமேடையும் தேநீர்க் குவளையும்

தறியில் அமர்ந்தவருக்கு இடையில் எழுவது எளிதன்று. வேலை நெருக்கும் நாட்களில் காலையுணவு பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது. பகலுணவு மூன்று மணிக்கு. இடைவெளியை நிரப்புபவை தேநீரும் பன்னும் பிஸ்கோத்தும் வடையும். ஒரு குவளைத் தேநீரில் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை எனக் கொண்டால் அது ஏறத்தாழ 10 கிராம். நாளுக்கு ஆறு குவளை பருகுபவர் 60 கிராம் சர்க்கரையைத் தேநீரிலேயே உண்டுவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள மேல்வரம்பு, 2,000 கிலோகலோரி உணவுக்கு 50 கிராம். அதிலும் பாதியாகக் குறைப்பது மேலும் நன்று என்கிறது அந்நிறுவனம். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்டது. நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து தொழில் புரிவோர் இதனை அலட்சியம் செய்தல் தகாது.

தேநீரை அறவே விடுக என்று நாம் சொல்லவில்லை. உணவோடும், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்திற்குள்ளும் பருகுவதைத் தவிர்த்தல் வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேராதபடி தடுக்கிறது. கீரையைச் சமைத்து உண்டு, உடனே தேநீரும் பருகினால் கீரைக்குச் செலவிட்ட காசின் பயன் பெரிதும் குறைந்துவிடும். அதற்கு மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்று உணவுடன் சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும்.

ஆகையால், தறிமேடைக்கு அருகில் நாடாவும் தாரும் இருப்பது போலவே, மூடியிட்ட பாத்திரம் ஒன்றும் தண்ணீர்ச் செம்பு ஒன்றும் இருக்கட்டும். முந்திய இரவு ஊறவைத்துக் காலையில் வேகவைத்த தட்டைப்பயறோ, மூக்கடலையோ, கொள்ளோ இரண்டு கைப்பிடி. அல்லது அவித்த வேர்க்கடலை. வேர்க்கடலையில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராமும், கொள்ளில் ஏறத்தாழ 22 கிராமும் புரதம் உண்டு; அரிசியில் எட்டு கிராமுக்கும் குறைவே. சுண்டலுக்கு வேண்டிய உழைப்பு, இரவில் படுக்குமுன் ஒரு கைப்பிடி பயற்றை நீரில் போடுவதே. அந்த ஒரு நொடியை மறந்தால் மறுநாள் பதினொரு மணிக்கு வடைக்கடையே கதியாகும்.

காட்டுக்குப் போகும் கலயம்

உழவர் வீட்டில் காலையுணவும் பகலுணவும் ஒரே கலயத்தில் காட்டுக்குப் போகின்றன. பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் நல்ல உணவே. ஆனால் அதில் பயறு இல்லை, கீரை இல்லை. வாரத்தில் மூன்று நாட்களேனும் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ கலயத்தில் இருக்குமாயின் குறை பெரிதும் நீங்கும். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் உண்டு. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே. கூழுக்குத் துணையாக வறுத்த கடலைத் துவையல், கொள்ளுத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல் ஆகியவற்றில் ஒன்று போதும்.

கம்பை மாவாக அரைத்து நாள்பட வைத்தால் காறல் வாடையும் கசப்பும் ஏறிவிடும். அதனைக் கண்டு, “கம்பு எங்களுக்கு ஒத்துவரவில்லை” என்று விட்டவர் பலர். தானியமாகவே வைத்திருந்து, வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வதே முறை. பழைய சோற்றிலும் ஓர் எச்சரிக்கை தேவை. இரவுச் சோறு ஆறியவுடன் நல்ல நீரூற்றி மூடிவைத்துக் காலையிலேயே உண்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் மாலை வரை கலயத்தில் கிடந்ததை உண்பது வயிற்றுக்குக் கேடு.

கிணற்றடியில் கால் சென்டு நிலத்தைச் சமையலுக்கென ஒதுக்குவது உழவருக்குப் பெரிய இழப்பன்று. வேலியில் அவரை, வாய்க்காலோரம் தண்டுக்கீரை, ஒரு மூலையில் முருங்கை, இரண்டு பப்பாளி, பந்தலில் பரங்கி. பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் நடுவே ஊடுபயிராகக் கீரையிட்டு உண்ணலாமே எனச் சிலர் கருதக்கூடும். அது கூடாது. பருத்திக்குப் பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. 2018-இல் படைப்புழு நம் மாவட்டங்களின் மக்காச்சோளத்தைத் தாக்கியதிலிருந்து அப்பயிருக்கும் மருந்து தெளிக்க நேர்ந்துள்ளது. மருந்துச் சாரல் படும் இடத்தில் விளைந்த கீரையைப் பறித்தலாகாது. ஆகவேதான் கிணற்றடியைச் சொன்னோம்.

ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதியினருக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பங்குனி முதல் முந்திரிக் காட்டில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆரஞ்சுப் பழத்தினும் சில மடங்கு மிகுதியான ‘சி’ உயிர்ச்சத்து அதில் உண்டு. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பைப் போக்க, துண்டாக்கி உப்புநீரில் சற்று ஊறவைத்து உண்ணலாம். கடையில் விலைக்கு வாங்கும் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இயலாத வீட்டினர், இதனை அழுகவிடுவது வருந்தத்தக்கது.

ஐப்பசி கார்த்திகை

நெசவாளருக்கு ஆண்டில் கடினமான காலம் வடகிழக்குப் பருவமழைக் காலமே. தெருவில் பாவு ஓட இடமில்லை. நூல் ஈரம் இழுக்கும். தறிக்குழியில் நீர் கசியும். தீபாவளி வரை இரவுபகலாக உழைத்தவர், அதற்கடுத்த வாரங்களில் வேலையின்றி இருப்பதும் உண்டு. அதே வேளையில் காய்கறி விலை ஏறுகிறது. வீட்டில் சளியும் காய்ச்சலும் நுழைகின்றன. வருவாய் குறையும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

இம்மாதங்கள் ஆண்டுதோறும் வருவன. வருமுன் அறிவித்து வருவன. துவரையும் கொள்ளும் அறுவடையாகும் தை, மாசியிலும், நெல்லறுத்த வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் எடுக்கும் பங்குனியிலும் அவற்றின் விலை தணிந்திருக்கும். அப்போது வாங்கி வெயிலில் நன்கு காயவைத்து, துவரைக்குச் செம்மண் கட்டி, மற்றப் பயறுகளில் வேப்பிலை இட்டு மூடிவைத்தால் ஐப்பசிக்கு உதவும். பரங்கிக்காயும் சாம்பற்பூசணியும் முற்றியதைக் கீறல்படாமல் உறியில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்தால், மழைநாள் அடையிலும் சாம்பாரிலும் ஒரு கரண்டி சேர்க்கலாம். பச்சைப்பயற்றை ஈரத்துணியில் முடிந்து முளைகட்டினால், கீரை கிடைக்காத நாளில் ஓரளவு உயிர்ச்சத்துக்கு அதுவே வழி.

வற்றல், அப்பளம், ஊறுகாய் ஆகியவை மழைக்காலத்தின் பழைய துணைகள். ஆனால் அவற்றில் உப்பு மிகுதி. பெரியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஒரு சிறு கரண்டி. இரத்தக் கொதிப்பு உள்ளவர் வீட்டில் கொத்தவரையையும் கத்தரியையும் உப்பின்றியே ஆவிகாட்டி உலர்த்தலாம். வேர்க்கடலையைச் சேமிப்போர், ஈரமின்றிக் காய்ந்ததையே சேமித்தல் வேண்டும். பூஞ்சை பிடித்த பருப்பில் ஈரலுக்குக் கேடு செய்யும் நஞ்சு உண்டாகிறது; வறுத்தாலும் அது முற்றும் நீங்காது. கருத்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

பயணமும் ஆஸ்பத்திரியும்

சந்தைக்கும், வங்கிக்கும், திருச்சியிலோ தஞ்சையிலோ உள்ள ஆஸ்பத்திரிக்கும் போகும் நாளில், போகிறவர் உண்பது பெரும்பாலும் பரோட்டாவே. நோயாளிக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு, உடன் இருப்பவர் மூன்று நாள் தேநீரிலும் பன்னிலும் கழித்து, வீடு திரும்பித் தாமும் படுத்துக்கொள்வதை நாம் அறிவோம். பயணப்பை ஒன்றில் பொட்டுக்கடலையும் வெல்லமும், கடலை உருண்டை நாலைந்தும், சத்துமாவு ஒரு டப்பாவும் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கட்டும். வெந்நீர் கிடைக்குமிடத்தில் சத்துமாவு கஞ்சியாகிவிடும். ஒரு நாள் பயணத்திற்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். முட்டையைப் பகலுக்குள் உண்டுவிட வேண்டும். பழக்கடையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கொய்யாவும் கிடைக்காத பேருந்து நிலையம் இல்லை.

கடைசியில் உண்பவர்

தார் சுற்றுவதும், பாவுக்குத் துணை நிற்பதும், களையெடுப்பதும், பருத்தி எடுப்பதும், இவற்றிடையே மூன்று வேளை அடுப்பெரிப்பதும் நம் வீட்டுப் பெண்கள். எல்லாருக்கும் பரிமாறிய பின் பாத்திரத்தின் அடியில் உள்ளதே அவர்கள் பங்கு. குழம்பில் பருப்பு கரைந்துபோய் நீரே நிற்கும். நூற்றுக்கு 53 பெண்கள் இரத்தசோகையுற்றிருப்பதற்குக் காரணம் பல. இந்தக் கடைசிப் பந்தி அவற்றுள் ஒன்று. இதனைத் தீர்க்கக் காசு வேண்டுவதில்லை. பரிமாறத் தொடங்குமுன்னரே அவர்கள் பங்கைத் தனியே எடுத்துவைத்தலே போதும். கூலிக் கணக்கில் ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளச் சங்கம் சம்மதியாதது போல, உணவிலும் பங்கு பங்காகவே இருத்தல் வேண்டும்.

முன்னேற்பாடு என்ற பெயரால் பெண்களின் சுமையைக் கூட்டுவதும் முறையன்று. பயறு ஊறவைப்பது பிள்ளைகளின் வேலை. கீரை ஆய்வது பெரியவர் வேலை. சந்தைச் சரக்கு ஆண்மக்கள் பொறுப்பு எனப் பிரித்துக்கொண்டால் எவர் தலையிலும் பாரமில்லை.

கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் அங்கன்வாடியில் கிடைக்கும் உதவியை நழுவவிடலாகாது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கென 2022-இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம், 2024 நவம்பர் 15 அன்று நம் அரியலூர் மாவட்டத்து வாரணவாசியிலேதான் தொடங்கப்பெற்றது. பிறந்து ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் எடை குன்றியோரின் தாய்மாருக்குச் சத்துமாவு, இரும்புச் சத்து மருந்து, நெய், பேரீச்சம்பழம் ஆகியவை கொண்ட பெட்டகம் அளிப்பது அதன் நோக்கம். அப்பெட்டகம் தாய்க்கென்றே வந்தது. வீட்டார் பகிர்ந்துகொள்ள வந்ததன்று. 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் பகலுணவாகத் தொடங்கி, 2022-இல் காலையுணவுத் திட்டமாகவும் வளர்ந்துள்ள ஏற்பாட்டினால் பிள்ளைகளுக்கு ஒருவாறு வழியுண்டு. விடுமுறை நாளில் அவ்வழி அடைபடும் என்பதையும் வீட்டார் நினைவில் வைத்தல் வேண்டும்.

சந்தை நாளில் ஒரு கணக்கு

இவை அனைத்தையும் ஒரே நாளில் மேற்கொள்ள எவராலும் இயலாது. எளிய முறை ஒன்றைக் கூறுகிறோம். சந்தைக்குப் போகும் முன்னாள் இரவில் குடும்பத்தார் கூடி ஐந்து கேள்விகளுக்கு விடை காண்க. வரும் ஏழு நாளில் வேலை மிகுந்த நாட்கள் எவை? அந்நாட்களுக்குச் சமைக்காமலே உண்ணத்தக்கது என்ன இருக்கிறது? பயறு எந்தெந்த நாளில்? கீரை எந்தெந்த நாளில்? வெளியூர் போகிறவர் யார்? விடைகளைப் பிள்ளைகளுள் ஒருவர் காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டட்டும். அச்சீட்டின்படி வாங்குபவர் சந்தையில் கண்டதற்கெல்லாம் காசு கொடார். முதல் மாதத்தில், இப்போது சமைக்கும் பருப்பை இருமடங்காக்குவதும், வாரம் நான்கு நாள் கீரை சேர்ப்பதும் நிறைவேறினாலே பெரும்பயன் உண்டு.

சங்கம் செய்யத்தக்கது

வீட்டு முன்னேற்பாடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வது நேர்மையாகாது. 1950-களின் தொடக்கத்தில் துணி தேங்கி நெசவாளர் பட்டினியுற்று, கஞ்சித்தொட்டிகள் திறக்க நேர்ந்தது. அஃது எவர் அடுப்பங்கரையின் குறையாலும் வந்ததன்று. நூல் விலையும் துணி விலையும் வெங்காய விலையும் நிலைகுலையும்போது தனியொரு வீடு செய்யக்கூடியது சிறிதே. அவ்விடத்தில்தான் கூட்டுறவு வேண்டும்.

கூட்டுறவின் பிறப்பே நெசவாளர் உணவிலிருந்துதான் என்பதை நினைவூட்டுகிறோம். இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில், கூலி குறைந்தும் கடைக்காரரின் கலப்படச் சரக்கால் வருந்தியும் இருந்த நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து, வாரந்தோறும் சில பென்னி சேமித்து, 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடையைத் திறந்தனர். தலைக்கு ஒரு பவுனாக 28 பவுன் அவர்கள் முதல். கடையில் அன்று இருந்தவை மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, சில மெழுகுவத்திகள். பசியெடுத்த பின் கடனுக்கு வாங்குவதை விட்டு, பசிக்கு முன் கூடி வாங்குவோம் என்ற அவர்கள் உறுதியே பின்னர் உலகெங்கும் இயக்கமாயிற்று. நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்த ஆண்டிலேயே திருவல்லிக்கேணியில் பண்டகசாலை தோன்றியதும் அந்நெறியைப் பின்பற்றியதே.

நம் சங்கங்கள் நூலை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்கு அளிக்கின்றன. பயற்றையும் அவ்வாறே வாங்கினால் என்ன? கூலியிலிருந்து ரூபாய்க்கு இத்தனை காசு எனப் பிடித்துச் சேமிக்கும் பழக்கம் நெசவாளர்க்குப் புதிதன்று. விரும்பும் அங்கத்தினரிடம் மட்டும் வாரம் ஒரு சிறு தொகையைப் ‘பயற்றுக் கணக்கு’ எனத் தனியே வரவு வைத்து, மாசி பங்குனியில் நம் மாவட்டத்து உழவரிடமே உளுந்தும் துவரையும் பயறும் நேரே கொள்முதல் செய்து, ஐப்பசியில் பங்கிடலாம். உழவர்க்கு அறுவடை வேளையில் உறுதியான கொள்வோர் கிடைப்பர். நெசவாளர்க்கு மழைக்காலத்தில் உறுதியான பருப்பு கிடைக்கும். நெய்பவரும் விளைவிப்பவரும் ஒரே இதழைப் படிக்கும் நாம், ஒரே கிடங்கையும் பகிர்ந்துகொள்ளத் தடையென்ன?

இன்னும் எளியது ஒன்றுண்டு. நெய்த துணியை ஒப்படைத்து நூல் பெற வரும் நாளில், அங்கத்தினர் சங்க வாயிலில் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. அங்கே தேநீருடன் முடியும் உபசாரத்தைச் சுண்டலாக மாற்றலாம். செலவு சிறிது, ஆனால் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லும் பிரசாரத்தைவிட அது நன்றாகப் பேசும்.

வரும் பொதுக்குழுவில் பயற்றுக் கணக்கைப் பற்றி அங்கத்தினர்கள் கலந்து பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அதற்குள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் தொடங்கத்தக்கது ஒன்று உண்டு. இன்றிரவு படுக்குமுன், நாளைக்கென ஒரு கைப்பிடி பயற்றை நீரில் இடுக.